இரண்டு மணிக்கும் ரிலீவருக்கும் நடுவில்

என் தொழிலைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒரு மென்பொருளைக் கட்டுவதற்கு முன்னால், அது யாருக்கு, என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று கேட்டுக் கேட்டு எழுதி வைப்பது என் வேலை. ஒரு காலத்தில் இதற்கு மரியாதை இருந்தது. இப்போது நூறு, இருநூறு பேர் சேர்ந்து அவசர அவசரமாகக் கட்டுகிறார்கள். கேட்கிறவளைக் கல்யாண வீட்டில் குறை சொல்லும் அத்தையைப் போல நடத்துகிறார்கள். பந்தியில் ஒரு இலை போட்டு, வாயைத் திறக்காமல் சாப்பிட்டுப் போனால் போதும் என்று நினைக்கிறார்கள்.

நான் நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். இப்போது நானும் என் கணவரும் நகரியத்துக்கு வெளியே ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவருக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். சுரங்கத்தில் பெல்ட் பராமரிப்பு வேலையை எடுத்திருக்கும் ஓர் ஒப்பந்தக் கம்பெனியில் ஃபிட்டர். நான் சென்னையில் உள்ள ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வீட்டில் உட்கார்ந்தபடி வேலை செய்கிறேன். இந்த இரண்டு கம்பெனிகளும் ஒரு நாள் கைகோத்துக்கொண்டன. பராமரிப்பு வேலைக்கான அனுமதி, அதாவது பெர்மிட், முழுவதையும் செல்போனுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார்கள். உள்ளூர்க்காரி என்பதால் என்னையும் அதில் போட்டார்கள். என் கணவர் அங்கேதான் வேலை செய்கிறார் என்று முதல் நாளே சொன்னேன். "அப்படியா, சூப்பர்" என்றார்கள். அதற்கு மேல் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெல்ட் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு சுரங்கத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடும் ரப்பர் பட்டை அது. ஒரு ஆள் குறுக்கே கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு அகலம். அது கிழிந்தால் ஒட்ட வேண்டும். ஒட்டுகிறவர் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துதான் ஒட்ட வேண்டும். ஏறுவதற்கு முன்னால் கண்ட்ரோல் ரூமுக்குப் போய், அந்த பெல்ட்டை ஓட்டும் பொத்தானின் மேல் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு வருவார். அட்டை தொங்குகிற வரைக்கும் பொத்தானை யாரும் தொடக் கூடாது. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். பெரிய அதிகாரியே வந்து நின்றாலும் இதில் விதிவிலக்கு கிடையாது.

ஒட்டுகிற வேலை ஷிப்ட்டோடு சேர்ந்து முடியாது. ரப்பர் வெந்து இறுகுகிற வரைக்கும் பாதியில் எழுந்து வர முடியாது. முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது என்றால், அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து தன் அட்டையை மாட்டிவிட்டு பெல்ட்டுக்கு வருவார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் இவர் இறங்கிப் போய்த் தன் அட்டையைக் கழற்றுவார். இரண்டு அட்டைகளும் கொஞ்ச நேரம் சேர்ந்தே தொங்கும். ரிலீவர் வருகிற பஸ் லேட்டானால் இவர் பெல்ட்டின் மேலேயே இருப்பார். அந்த பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது? பண்ருட்டி ரோட்டில் பலாப்பழ லாரி குறுக்கே நிற்கும், இல்லையென்றால் காடாம்புலியூரில் யாருக்காவது ஊர்வலம் நடக்கும். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வருகிற மனிதருக்காக நான் சோற்றை மூடி வைத்துக் காத்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி அந்தச் சிவப்பு அட்டைக்குப் பதிலாகப் போனில் திறக்கிற பெர்மிட்தான். ஆகவே நான் எழுதியது ஒரே ஒரு விதி. பெல்ட்டின் மேல் இருக்கிறவருடைய பெர்மிட், ஷிப்ட் முடிந்துவிட்டது என்பதற்காகத் தானாக முடியக் கூடாது. ரிலீவரின் பெர்மிட் திறந்த பிறகு, அவரே தன் கையால் மூடினால் மட்டுமே முடிய வேண்டும். எனக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் படித்துக் காட்டினாலும் புரியும்.

அதன்பிறகுதான் திருவிழா தொடங்கியது. எங்கள் கம்பெனியில் சின்னச் சின்னக் குழுக்களாக, ஊருக்கு ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்வார்கள். எல்லாக் குழுக்களையும் மொத்தமாக 'ரயில்' என்று சொல்வார்கள். இது நான் கிண்டலுக்கு வைத்த பெயர் இல்லை, அவர்களே தங்களுக்குச் சூட்டிக்கொண்டது. அந்த ரயிலை நடத்துவதற்கென்றே ஒருவர் இருந்தார். அவரை நான் ரயில்காரர் என்றே சொல்கிறேன். மனிதர் வாயைத் திறந்தால் உற்சாகம். காலையில் ஒரு உற்சாகம், மத்தியானம் ஒரு உற்சாகம். இந்த மாதிரி ஆட்களிடம் ஒரு கெட்ட செய்தியைச் சொல்வது, சிரித்த முகத்தோடு தூங்குகிறவனை எழுப்புவதற்குச் சமம்.

திட்டமிடும் கூட்டம் கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. மஞ்சள், பச்சை, ரோஸ் என்று கலர் கலராகச் சீட்டுகளை ஒட்டி, இங்கேயிருந்து அங்கே நகர்த்தினார்கள். ஒவ்வொரு தேவையும் ஒரே குழு இரண்டே வாரத்தில் முடிக்கிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். என் விதி பெரிதாக இருக்கிறதாம். ஒரே ஒரு வாக்கியம் இவர்களுக்குப் பெரிதாகப் போயிற்று. மூன்றாக வெட்டினார்கள். பெர்மிட் குழுவுக்கு: பெர்மிட்டைத் திறக்கவும் மூடவும் வழி செய்க. ஷிப்ட் குழுவுக்கு: ஷிப்ட் முடிந்ததும் அந்த ஷிப்ட் ஆட்கள் பெயரில் திறந்திருக்கும் எல்லாவற்றையும் முடித்துவிடுக. பொத்தான் குழுவுக்கு: திறந்த பெர்மிட் ஒன்றும் இல்லையென்றால் பொத்தானை விடுவிக்க.

தனித்தனியாகப் படித்தால் மூன்றிலும் ஒரு பழுதும் இல்லை. சேர்த்துப் படித்தால், இரண்டு மணிக்கு என் கணவர் மேலே உட்கார்ந்திருக்கும்போது பெல்ட் ஓடும்.

இதை அன்றைக்கே சொன்னேன். "கூடாது என்று நான் எழுதியது எங்கே போயிற்று?" என்று கேட்டேன். தேவைகளைக் 'கூடாது' என்று எழுதுவது பழைய முறை என்று எனக்குப் பாடம் நடத்தினார்கள். எல்லாவற்றையும் பயன்படுத்துகிறவரின் ஆசையாக எழுத வேண்டுமாம். என் விதியை அப்படி மாற்றி எழுதியும் காட்டினார்கள்: 'ஒரு ஃபிட்டராக, நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, என் பெர்மிட்டை எளிதாக மூட விரும்புகிறேன்.' எந்த ஊர் ஃபிட்டர் இப்படி விரும்புகிறார்? நசுங்கிச் சாகாமல் வீட்டுக்குப் போக விரும்புகிறேன் என்று எழுதலாமா என்று கேட்டேன். திரையில் இரண்டு பேர் சிரிக்கிற பொம்மையை அனுப்பினார்கள். நான் நகைச்சுவை செய்வதாக நினைத்துவிட்டார்கள்.

பயன்படுத்துகிறவர்களின் குரல் என்று ஒருவரை வைத்திருந்தார்கள். ஒப்பந்தக் கம்பெனி ஆபீஸிலிருந்து வந்த இளம் அதிகாரி. எது வேண்டும், எது வேண்டாம் என்பதில் அவர் சொல்வதுதான் முடிவு. பெல்ட்டை அவர் ஜீப்பிலிருந்து பார்த்திருக்கிறார். அவர் எழுப்பிய ஒரே ஆட்சேபம், பொத்தானுக்கு மேல் எரியும் விளக்கின் பச்சை நிறம் கம்பெனிச் சின்னத்தின் பச்சையோடு பொருந்தவில்லை என்பது. அதற்காக ஒரு குழு இரண்டு வாரம் உழைத்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர் ஏட்டுச் சுரைக்காய்கூட இல்லை, அதன் அட்டைப்படம்.

தினமும் காலையில் நின்றுகொண்டே பேசுகிற கூட்டம் ஒன்று உண்டு. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்று ஆளுக்கு இரண்டு வரி சொல்ல வேண்டும். தடை என்ற இடம் வரும்போதெல்லாம் நான் அதையே சொன்னேன்: மூன்று துண்டுகளையும் சேர்த்து ஒருவரும் பார்க்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான். பெர்மிட் குழு அது ஷிப்ட் குழுவின் விஷயம் என்றது. ஷிப்ட் குழு, பெர்மிட் மூடினால் ஆள் இறங்கிவிட்டார் என்றுதானே அர்த்தம் என்று என்னையே திருப்பிக் கேட்டது. பொத்தான் குழு புனேயில் இருந்தது. எங்களுக்கு வருகிற தகவலை நம்புகிறோம் என்று பணிவாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு வழிவிட்டது. ரயில் என்றால் பெட்டிகளுக்கு நடுவே கொக்கி இருக்க வேண்டாமா? இங்கே ஒவ்வொரு பெட்டியும் பளபளவென்று இருந்தது, கொக்கியைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

ஒவ்வொரு துண்டும் முடிய முடியத் திரையில் பச்சையானது. கடைசியில் எல்லோருக்கும் செய்து காட்டுகிற நாளும் வந்தது. திறந்தார்கள், திறந்தது. மூடினார்கள், மூடியது. கைதட்டல். நான் மைக்கைத் திறந்து, "ரிலீவர் இன்னும் வரவில்லை, மணி இரண்டு ஆகிவிட்டது, இப்போது காட்டுங்கள்" என்றேன். ரயில்காரருடைய முகத்தில் உற்சாகம் கொஞ்சமும் குறையவில்லை.

"கிரேட் பாயின்ட் மேடம். ஆனா அது எட்ஜ் கேஸ். எப்பவோ ஒரு தடவ நடக்கறது. அடுத்த ரிலீஸ்ல எடுத்துக்கலாம். லிஸ்ட்ல போட்டுடுங்க."

"எப்பவோ இல்ல சார். தினமும் நடக்குது. இங்க பஸ் தினமும் லேட்டு."

"அப்ப பஸ்ஸைத்தான் சரி பண்ணணும்" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பட்டியலின் கடைசியில், பச்சை நிறத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக்குவது என்பதற்குக் கீழே, என் விதியைப் போட்டார்கள். அன்றைக்கு நான் மடிக்கணினியை மூடிய சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மாடியை எட்டிப் பார்த்தார்.

மத்தியானம் என் கணவர் வந்து சேர்ந்தபோது மூன்றே கால். கை கால் கழுவி, தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் புது ஏற்பாட்டில் சந்தோஷம்தான், அதையும் சொல்ல வேண்டும்.

"போன்லயே முடிஞ்சிடும்னா நல்லதுதான? கார்டு மாட்ட கண்ட்ரோல் ரூமுக்கும் பெல்ட்டுக்கும் நடந்து நடந்து காலு போவுது" என்றார்.

"ரெண்டு மணிக்கு அதுவா மூடிக்கும்ங்க. ரிலீவர் வராட்டியும் மூடிக்கும்."

"நானு மேல உக்காந்துகினு இருக்கச்சயா?"

"ஆமா. மூடிட்டா பட்டனை அமுக்கலாம்னு அங்க பச்சை லைட்டு எரியும்."

கையில் பிசைந்த சோற்றோடு கொஞ்சம் யோசித்தார். "அப்டிலாம் வுட்ற மாட்டாங்க. இத்தினி பேரு செய்யறாங்க, யாருனா பாத்துகினுதான் இருப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அந்த 'யாருனா' யாரென்று எனக்குத் தெரியும். மாதக்கணக்காகத் தேடி, அப்படி ஒருவர் எந்தக் குழுவிலும் இல்லை என்று கண்டுபிடித்தவளே நான்தான்.

"திங்கக்கெழமைலேர்ந்து கார்டு கெடையாதாம். எங்க பெல்ட்டுலதான் மொதல்ல போடறாங்களாம், சூப்பர்வைசர் சொல்ட்டாரு" என்றார். குழம்பு நன்றாக இருப்பதாகவும் சொன்னார். போகாதீர்கள், லீவு போடுங்கள் என்றேன். "நா லீவு போட்டா இன்னொருத்தன் ஏறப் போறான். அவனுக்கும்தான் வூடு இருக்குது" என்றார். கோபம் அவர் மேலும் வந்தது. அவர் சரியாகப் பேசுகிறார் என்பதாலேயே வந்தது.

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு நேரடிச் சோதனை வைத்திருந்தார்கள். குறிஞ்சிப்பாடி போகிற சாலையில் ஒப்பந்தக் கம்பெனிக்கு ஒரு ஷெட் உண்டு. புது ஆட்களைப் பழக்குவதற்காக அதில் குட்டி பெல்ட் ஒன்று ஓடும். அதோடு எங்கள் மென்பொருளை இணைத்திருந்தார்கள். ரயில்காரர் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார். இளம் அதிகாரி பூச்செண்டோடு நின்றார். சோதனைக்கே பூச்செண்டு. என் கணவருடைய சூப்பர்வைசர், தலைமுடி நரைத்த, அதிகம் பேசாத மனிதர், போனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்யச் சொல்லப் போகிறார்கள் என்று காத்திருந்தார்.

பதினொரு மணிக்கு ஒரு முறை திறந்து மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றார் ரயில்காரர். இரண்டு மணிக்குத்தான் பார்க்க வேண்டும், அதுவரை நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தேவை எழுதியவளின் கையெழுத்தும் வேண்டும் என்று அவர்கள் வைத்திருந்த விதியை அவர்களே மறந்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். இன்றைக்கு இரண்டு மணி ஷிப்ட்டுக்குப் போகிற ஆள் ஒருவரே பஸ்ஸில் இங்கே இறங்கி ரிலீவராக வரட்டும் என்றும் ஏற்பாடு செய்தோம்.

இரண்டு மணி ஆகக் கொஞ்ச நேரம் இருந்தது. சூப்பர்வைசர் தன் பெயரில் பெர்மிட்டைத் திறந்தார். பெல்ட்டின் பொத்தான் இருந்த பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ரயில்காரர் எல்லோரையும் பார்த்து, எல்லாக் குழுக்களும் தங்கள் வேலையை முடித்துவிட்டன, எல்லாச் சோதனைகளும் பச்சை, திங்கட்கிழமை தைரியமாகத் தொடங்கலாம் என்று சின்னதாக ஒரு பேச்சு பேசினார்.

"அப்ப மேல ஏறி உட்காருங்க சார்" என்றேன்.

"சாரி?"

"பெல்ட் மேல. ரிலீவர் வர்ற வரைக்கும். நம்ம ஃபிட்டருங்க உட்கார்ற மாதிரி."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, வெளியாட்கள் பெல்ட்டில் ஏறக் கூடாது என்று பாதுகாப்பு விதி இருப்பதாகச் சொன்னார். விதி என்ற ஒன்று உண்டு என்பதே அன்றைக்குத்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. இளம் அதிகாரி பக்கம் திரும்பினேன். அவர் அதற்குள் யாருக்கோ போன் செய்யப் போய்விட்டார்.

"சரி, ஆளு வேணாம். உங்க பையை வையுங்க" என்றேன்.

அவர் தோளில் ஒரு கறுப்புப் பை தொங்கியது. என்னையும் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பையைத் தோளிலிருந்து இறக்கக்கூடச் செய்தார். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள லேப்டாப் இருக்கு மேடம்" என்றார்.

இரண்டு மணி ஆனது. சூப்பர்வைசர் கையில் இருந்த போன் கிணிங் என்றது. 'உங்கள் பெர்மிட் முடிந்தது. நன்றி' என்று அதில் வந்திருந்ததை அவர் எல்லோருக்கும் கேட்கும்படி எழுத்துக்கூட்டிப் படித்தார். பலகையில் சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. கம்பெனிச் சின்னத்தோடு நன்றாகப் பொருந்துகிற பச்சை. யாரும் சொல்லாமலே சூப்பர்வைசர் பொத்தானை அழுத்தினார். சங்கு ஊதியது, பெல்ட் நகர்ந்து வேகம் பிடித்தது. ரிலீவரை ஏற்றி வந்த பஸ் அப்போது இன்னும் எங்கேயோ வந்துகொண்டிருந்தது. ரயில்காரர் ஓடுகிற பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு பையை விடாமல் நின்றார். எனக்கு அந்த மனிதரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை, அதற்காக இன்றைக்கும் என்னை நான் பாராட்டிக்கொள்கிறேன்.

"குட் கேட்ச்" என்றார் கடைசியில். "இதை டாப் பிரையாரிட்டி ஆக்கிடலாம்." அங்கேயே நின்று போனில் பட்டியலைத் திறந்து, கடைசியில் கிடந்த என் விதியை விரலால் இழுத்து முதலில் வைத்தார். மாதக்கணக்கில் நான் ஒரு மனிதனைச் சொல்லிப் பார்த்தேன், அவருக்கு ஏறவில்லை. பையைச் சொன்னதும் ஏறிவிட்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரி, இங்கே லேப்டாப்புக்கு வர வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை ஏற்பாட்டைத் தள்ளி வைத்தார்கள். சிவப்பு அட்டை அதன் இடத்திலேயே தொங்கியது. அடுத்த வாரக் கூட்டத்தில், குழுக்களின் கூட்டு முயற்சியால் முக்கியமான இடைவெளி ஒன்று சரியான நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்று ரயில்காரர் அறிவித்தார். கைதட்டுகிற பொம்மைகள் திரை முழுக்க மேலே மேலே பறந்தன. நான் கேமராவை அணைத்துவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கினேன்.

சோதனை நடந்த அன்று மாலையே சூப்பர்வைசர் மூலம் கதை என் கணவருக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்த சாரு பையக்கூட வெக்கலியாமே?"

"வைக்கல."

"உள்ள இன்னா இருந்திச்சாம்?"

"லேப்டாப்."

"அது இன்னா வெல இருக்கும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அம்மாடி" என்றார். உண்மையாகவே வியந்துதான் சொன்னார். பிறகு, "அப்ப வெக்க மாட்டாருதான்" என்று அவருக்காகப் பரிந்து பேசிவிட்டு, குளிக்கப் போனார்.